ஏழு சதவீதம் பிறந்த கதை

எங்காவது பெருவெள்ளம் வந்தால் மறுநாள் பத்திரிகையில் ஓர் எண்ணும் தவறாமல் வந்துவிடும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமக்கக்கூடிய நீராவி 7 சதவீதம் கூடும் என்பார்கள். மும்பையில் கொட்டினாலும் டெக்சாஸில் கொட்டினாலும் இதே வரிதான். கொஞ்ச காலமாக வறட்சிச் செய்திகளிலும் இது தலைகாட்டுகிறது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே ஆள் சாட்சி சொல்ல வந்தால் கேட்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். இந்த எண்ணை முதலில் கணக்கிட்டது யார்? எதற்காக? நம் ஊர் மழைக்கு இதை அப்படியே பொருத்தலாமா? இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் வழி வானிலை ஆய்வகத்துக்குப் போவதில்லை. நிலக்கரி எரிந்துகொண்டிருந்த நீராவி இயந்திரத்துக்குப் போகிறது.

1824-இல் பாரிஸில் சாடி கார்னோ என்ற இளம் ராணுவப் பொறியாளர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். வயது 28. இங்கிலாந்தின் நீராவி இயந்திரங்களைப் பார்த்து பிரான்ஸ் பொருமிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த இயந்திரங்களைப் பறித்துவிட்டால் இங்கிலாந்துக்கு நிலக்கரியும் இல்லை, இரும்பும் இல்லை என்பது கார்னோவின் கணிப்பு. இவ்வளவு வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்க முடியும் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. ஆனால் புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு விஷயம் சொல்கிறார்: காற்று அலைவதும் மேகம் எழுவதும் மழை விழுவதும் வெப்பத்தின் வேலைதான். இயந்திரத்தையும் வானத்தையும் ஒரே கணக்கில் கொண்டுவரலாம் என்ற எண்ணம் அந்த மனிதருக்கு அப்போதே இருந்திருக்கிறது.

புத்தகத்தை யாரும் சீந்தவில்லை. 1832-இல் காலராவில் கார்னோ இறந்தார். காலராவில் இறந்தவர் என்பதால் அவருடைய காகிதங்களில் பெரும்பகுதியும் அழிந்துபோனது. 1845-இல் ஆராய்ச்சிக்காக பாரிஸ் வந்திருந்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், புத்தகக் கடை கடையாக ஏறி இறங்கி கார்னோவின் நூலைக் கேட்டார். கடைக்காரர்களுக்குத் தெரிந்த கார்னோவோ வேறு. சாடியின் தம்பி சமூகப் பிரச்சினைகளைப் பற்றி எழுதியதைத்தான் எடுத்து நீட்டினார்கள். தாம்சன் கையில் அசல் புத்தகம் கிடைக்க இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின.

அதுவரை கார்னோவின் கருத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவர் எமில் கிளாபிரான். இவரும் பொறியாளர்தான். ரஷ்யாவில் பத்து ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். பாரிஸிலிருந்து சான் ஜெர்மான் வரை ரயில் பாதை போடுவதற்காக அலைந்துகொண்டிருந்தவர். 1834-இல் கார்னோவின் சொற்களைப் படமாகவும் கணிதமாகவும் மாற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூடிய பாத்திரத்தில் நீரும் அதன் ஆவியும் சேர்ந்திருந்தால், வெப்பம் ஏற ஏற ஆவியின் அழுத்தம் எந்த வேகத்தில் ஏறும் என்பதற்கு அதில் ஒரு சமன்பாடு இருந்தது. ஒரு குறை மட்டும் இருந்தது. சமன்பாட்டின் நடுவில் வெப்பநிலையைச் சார்ந்த ஏதோ ஒரு மதிப்பு நின்றது. அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. அதைச் சோதனையில்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். போதாக்குறைக்கு, வெப்பம் என்பது அழியாத ஒரு திரவம் என்ற பழைய நம்பிக்கையின் மேல்தான் கட்டுரை முழுவதும் நின்றது. தவறான அஸ்திவாரத்தின் மேல் சரியான வீடு. இயற்பியலில் இப்படியும் நடக்கும்.

அஸ்திவாரத்தை மாற்றியவர் ஜெர்மனியின் ருடால்ஃப் கிளாசியஸ். 1850-இல், 28 வயதில், வெப்பம் ஒரு பொருளே அல்ல, அது வேலையாக மாறக்கூடியது என்று வைத்துக்கொண்டு கணக்கைத் திரும்பப் போட்டார். கிளாபிரானுக்குப் பிடிபடாத அந்த மதிப்பு வேறொன்றுமில்லை, முழுப் பூஜ்யத்திலிருந்து அளந்த வெப்பநிலைதான் என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால் கார்னோவின் புத்தகம் கிளாசியஸுக்கும் கிடைக்கவில்லை. கிளாபிரானும் தாம்சனும் எழுதியதை வைத்துத்தான் அவர் கார்னோவைத் திருத்தினார்.

சமன்பாடு இருந்தால் மட்டும் 7 சதவீதம் வந்துவிடாது, அளவுகள் வேண்டும். அதைச் செய்தவர் ஹென்றி விக்டர் ரெனோ. நீராவி இயந்திரங்களைச் சரியாக வடிவமைக்க நம்பகமான எண்கள் வேண்டும் என்று பிரெஞ்சு பொதுப்பணி அமைச்சகம் அவரிடம் கேட்டிருந்தது. ஒவ்வொரு வெப்பநிலையிலும் நீராவியின் அழுத்தம் என்ன, நீரை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் செலவாகும் என்று ஆண்டுக்கணக்கில் அளந்து 1847-இல் தடித்த தொகுதியாக வெளியிட்டார். தாம்சன் பாரிஸில் வேலை பார்த்தது இவருடைய ஆய்வகத்தில்தான். இன்றைக்கு மழையைக் கணிக்கும் கணினி நிரல்களுக்குள் ஓடும் ஆவி அழுத்தக் கணக்கு, நிலக்கரி எரிக்கும் எந்திரத்துக்காக அரசுச் செலவில் எடுத்த அந்த அளவுகளின் வாரிசு. அந்தக் கரியின் புகை உலகத்தைச் சூடாக்கும்போது மழை என்ன ஆகும் என்று சொல்லவும் அதே கணக்குதான் வேண்டியிருக்கிறது.

இந்தச் சமன்பாட்டை நாம் தினமும் அடுப்படியில் பார்க்கிறோம். குக்கரின் வெயிட் உள்ளேயுள்ள அழுத்தத்தை வெளிக்காற்றைப்போல் சுமார் இரு மடங்காக்குகிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 120 டிகிரி வேண்டும். பருப்பு சீக்கிரம் வெந்துவிடுகிறது. ஊட்டியில் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைவு. 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்தால் நேரம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே வளைகோட்டின் மேல் இரண்டு புள்ளிகள்தான். அந்தக் கோடு நேர்கோடல்ல, மேலே போகப் போகச் செங்குத்தாக எழும்பும் கோடு. ஒரு கன மீட்டர் காற்றில் 10 டிகிரியில் அதிகபட்சம் 9 கிராம் அளவு நீராவிதான் இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம், 30-இல் 30 கிராம், 40-இல் 51 கிராம்.

கண்டிப்பான இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார். காற்று நீராவியைச் சுமப்பதில்லை, காற்றே இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் அவ்வளவு ஆவிதான் இருக்கும் என்பார். அவர் சொல்வது சரி. சுமப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோம்.

7 என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் நிலையான எண்ணல்ல. பூஜ்யம் டிகிரியில் அது 7.3 சதவீதம். உலகச் சராசரியான 15 டிகிரிக்குப் பக்கத்தில் 6.5. நம் ஊரின் 30 டிகிரியில் 6-க்கும் கொஞ்சம் குறைவு. மேகம் உருவாகும் உயரத்தில் குளிர் அதிகம் என்பதால் அங்கே 7-ஐத் தாண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சுமாராக 7 என்கிறோம்.

கொதிகலனில் பிறந்த எண் வானத்துக்கு ஏற ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. நீராவி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று 1859 முதல் நடத்திய சோதனைகளில் ஜான் டிண்டால் காட்டினார். 1896-இல் ஸ்வீடனின் அரேனியஸ், கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். அதில் அவர் செய்த ஓர் ஊகம் பின்னால் பெரிய பலன் தந்தது. காற்றின் ஈரப்பத விகிதம் மாறாது. ஆகவே வெப்பம் ஏறினால் நீராவியும் அதே வேகத்தில் ஏறும் என்று வைத்துக்கொண்டார். பூமியின் பத்தில் ஏழு பங்கு கடலாக இருப்பதால் ஊகம் பெரும்பாலும் சரி. தண்ணீருக்குத்தான் குறைவில்லையே! தரையின் மேல் அது எவ்வளவு சரி என்பதில்தான் வறட்சியின் கதை இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

அடுத்த பெரிய படி ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த சியுகுரோ மனாபேயுடையது. 2021-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். அவரும் ரிச்சர்ட் வெதரால்டும் 1975-இல் கணினிக்குள் ஓர் எளிய பூமியைச் சுழலவிட்டு, கரியமில வாயுவை இரு மடங்காக்கிப் பார்த்தார்கள். வெப்பம் ஏறக்குறைய 3 டிகிரி கூடியது. மொத்த மழையும் ஆவியாதலும் எவ்வளவு கூடியது தெரியுமா? சுமார் 7 சதவீதம். அவசரமாகப் படித்தால், பார், சொன்னது நடந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் இது 3 டிகிரிக்கு 7. டிகிரிக்கு 7 என்றால் 20-க்கு மேல் வந்திருக்க வேண்டும். நீராவி ஒரு வேகத்தில் கூடுகிறது, மொத்த மழை அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் கூடுகிறது.

இந்த இடைவெளி ஏன்? காரணம் தண்ணீர்க் கணக்கில் இல்லை, வெப்பக் கணக்கில் இருக்கிறது. கடலிலிருந்து ஆவியாகும்போது நீர் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மேலே மழைத்துளியாகும்போது அதைக் காற்றில் விட்டுவிடுகிறது. அந்த வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்கு வீசியெறிந்தால்தான் அடுத்த மழைக்கு இடம் கிடைக்கும். வீசியெறியும் திறனோ டிகிரிக்கு 2 அல்லது 3 சதவீதம்தான் கூடுகிறது. ஆகவே உலகின் மொத்த மழையும் அதற்கு மேல் கூட முடியாது. 2002-இல் மைல்ஸ் ஆலனும் வில்லியம் இங்கிராமும் இதைத் தெளிவாக எடுத்து வைத்தார்கள். மொத்த மழைக்கு வெப்பக் கணக்கு கடிவாளம் போடுகிறது. ஆனால் ஒரு பெருமழைக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. சில மணி நேரத்தில் சுற்றுப்புறத்தின் நீராவியை எல்லாம் இழுத்து இறக்கும் மழை, இருக்கும் நீராவிக்கு ஏற்பத்தான் கொட்டும். அதாவது டிகிரிக்கு 7.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கொட்டும் மழை 7 சதவீதம் கூடுகிறது. மொத்தம் 2, 3 சதவீதம்தான் கூடுகிறது. அப்படியானால் மீதம் எங்கேயோ குறைந்தாக வேண்டும். ஒன்று, சாதாரண மழை மெலிய வேண்டும். இல்லையென்றால் இரண்டு மழைக்கு நடுவே வெயில் நாட்கள் நீள வேண்டும். அமெரிக்க தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தின் கெவின் டிரென்பெர்த் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். மழையின் அளவைக் காட்டிலும் அதன் குணம்தான் மாறும் என்பது அவர் வாதம். வெள்ளமும் வறட்சியும் ஒரே எண்ணின் கணக்கில் வருவது இப்படித்தான்.

வறட்சிக்கு இன்னொரு வழியும் உண்டு. வெப்பம் கூடும்போது காற்றின் தாகமும் அதே 7 சதவீதம் கூடுகிறது. கடலுக்கு மேல் அந்தத் தாகம் உடனே தணிந்துவிடும். தரைக்கு மேல் தணியாது. தரைக் காற்றின் ஈரம் பெரும்பாலும் கடலிலிருந்து வருவது. கடலோ தரையைவிட மெதுவாகச் சூடாகிறது. ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவின் 2021 அறிக்கைப்படி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011-20 பத்தாண்டில் தரை 1.59 டிகிரியும் கடல் 0.88 டிகிரியும் சூடேறியிருந்தன. தோராயமாகப் பெருக்கினால், தரைக் காற்றின் தாகம் 11 சதவீதம் ஏறியிருக்கும். கடலிலிருந்து வந்து சேரும் ஈரம் சுமார் 6 சதவீதம்தான் ஏறியிருக்கும். பற்றாக்குறையைக் காற்று எங்கே ஈடுகட்டும்? மண்ணிலும் பயிரிலும் ஏரியிலும்தான். அமெரிக்காவின் தென்மேற்கில் 2000 முதல் 2021 வரையிலான 22 ஆண்டுகள், குறைந்தது கி.பி. 800-க்குப் பிறகு அந்த நிலம் கண்ட மிக வறண்ட 22 ஆண்டுகள் என்று மரங்களின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். மழை குறைந்தது ஒரு பங்கு, சூடேறிய காற்று உறிஞ்சியது ஒரு பங்கு.

எண் பிரபலமானதும் அதற்கு ஒரு கோஷமும் பிறந்தது. 2006-இல் ஐசக் ஹெல்டும் பிரையன் சோடனும் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. காற்றோட்டம் பெரிதாக மாறாமல் நீராவி மட்டும் கூடினால், ஈரத்தைக் கொண்டுசேர்க்கும் காற்று இன்னும் அதிகமாகச் சேர்க்கும், கொண்டுபோகும் காற்று இன்னும் அதிகமாகக் கொண்டுபோகும் என்பது அதன் சாரம். அது சுருங்கிச் சுருங்கி, ஈரமான இடம் இன்னும் ஈரமாகும், காய்ந்த இடம் இன்னும் காயும் என்ற ஒற்றை வரியாகிவிட்டது. மேடையில் சொல்ல அருமையான வரி. கடல்களுக்கு மேல் ஓரளவு பலிக்கவும் செய்கிறது. தரையில்? பீட்டர் கிரேவ் குழுவினர் 2014-இல் பழைய பதிவுகளைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். அந்த வரிப்படி உறுதியாக நடந்துகொண்டது நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். ஏறக்குறைய அதே அளவு நிலம் நேர் எதிராக நடந்திருந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கோஷத்தைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாம்.

கொதிகலன் எண் மழைமானியில் உண்மையிலேயே தெரிகிறதா என்பதை உலக அளவில் இவ்வளவு விரிவாகச் சோதிக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் சேத் வெஸ்ட்ராவும் இரு சகாக்களும் உலகெங்கும் 8,326 மழைப்பதிவு நிலையங்களின் ஏடுகளை எடுத்துக்கொண்டார்கள். 1900 முதல் 2009 வரை ஒவ்வோர் ஆண்டிலும் மிக அதிகமாகப் பெய்த ஒரு நாளின் மழை மட்டும் அவர்களுக்குப் போதும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலையங்களில் அது ஏறுமுகம். உலக வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது அது ஏறிய வேகம் 5.9 முதல் 7.7 சதவீதம் வரை. கிளாசியஸ் பேனா பிடித்து 163 ஆண்டுகளுக்குப் பிறகு எண் தரையிறங்கியது. 2021-இல் அதே ஐ.நா. குழுவின் அறிக்கையும் ஒரு நாள் பெருமழைக்குச் சுமார் 7 என்றே எழுதியது.

ஆனால் அது ஆயிரக்கணக்கான நிலையங்களின் சராசரி. ஊர் ஊராகப் போனால் கதை மாறும். நெதர்லாந்தில் டி பில்ட் என்ற சிற்றூரில் அந்நாட்டு வானிலை நிலையம் இருக்கிறது. அங்கே 99 ஆண்டுகளாக மழையை மணிக்கு மணி பதிந்து வைத்திருந்தார்கள். கீர்ட் லெண்டரிங்க் அதை 2008-இல் ஆராய்ந்தபோது, சராசரி வெப்பம் 12 டிகிரியைத் தாண்டிய நாட்களில் ஒரு மணி நேரக் கடுமழை டிகிரிக்கு 14 சதவீதம் ஏறுவதைக் கண்டார். ஏழின் இரு மடங்கு! மழைத்துளி உருவாகும்போது வெளியாகும் வெப்பம் மேகத்தை இன்னும் வேகமாக மேலெழுப்பி, இன்னும் அதிக ஈரத்தை இழுத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். அறிஞர்களிடையே இதில் இன்னும் வாதம் நடக்கிறது.

அதே டி பில்ட்டில் வேலை பார்த்தவர் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க். 2021-இல் காலமானார். ஒரு குறிப்பிட்ட வெள்ளத்தில் புவி சூடேறியதன் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். 2017-இல் ஹார்வி புயல் ஹூஸ்டன் வட்டாரத்தை மூழ்கடித்தது. டெக்சாஸில் ஓரிடத்தில் 150 செ.மீ.க்கு மேல் பெய்தது. அவர் குழு சொன்ன பதில்: மழையின் தீவிரம் சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது. ஒரு டிகிரி சூட்டுக்கு 7-தான் வந்திருக்க வேண்டும். புயலே வலுத்ததால் இரு மடங்காகியிருக்கலாம்.

அதே மனிதர் அதற்கு முன் சென்னையையும் ஆராய்ந்திருக்கிறார். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்து அடையாறு ஊரைப் புரட்டிப் போட்டது நமக்கு நினைவிருக்கும். புவி வெப்பமாதல்தான் காரணம் என்று அன்று சொல்லாதவர் இல்லை. அவர் குழு பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, அந்த மழையில் புவி சூடேறியதன் தடயம் எதுவும் தெரியவில்லை என்று எழுதியது. தெற்காசியாவின் மேல் கவிந்திருக்கும் தூசியும் புகையும் சூரிய ஒளியை மறைத்து, பசுங்குடில் வாயுக்களின் வேலையை இதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த காரணம். கடல் சூடேறாத இடத்தில் 7-க்கு என்ன வேலை? இந்த முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்தக் குழுவின் மேல் மரியாதை கூடியது இதனால்தான். ஹூஸ்டனில் ஆம் என்று சொன்ன அதே முறை சென்னையில் தெரியவில்லை என்று சொல்கிறது என்றால் அந்த முறையை நம்பலாம். ஆனால் நிம்மதி அடையவும் இடமில்லை. புகை குறைந்தால் இந்தத் திரையும் விலகும்.

இந்தியாவில் எண் மிகத் தெளிவாகத் தெரிவது மத்தியப் பகுதியில். 2005 ஜூலை 26-இல் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்தது. அடுத்த ஆண்டு பி.என்.கோஸ்வாமி குழுவினர் 1951 முதல் 2000 வரையிலான மத்திய இந்தியப் பருவமழைப் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாளுக்கு 10 செ.மீ.க்கு மேல் பெய்யும் நாட்கள் கூடியிருந்தன. நடுத்தர மழை நாட்கள் குறைந்திருந்தன. கூட்டிக் கழித்தால் பருவத்தின் மொத்த மழையில் பெரிய மாற்றம் இல்லை. டிரென்பெர்த் சொன்ன அதே பாடம், நம் மழைமானிகளிலிருந்தே! பருவமழை சராசரி அளவு பெய்தது என்று செய்தி வாசிக்கும்போது மறைந்துவிடுவது இதுதான். உழவருக்கு வேண்டியது இடைவிட்டு இடைவிட்டு மண்ணில் இறங்கும் நடுத்தர மழை. கொட்டித் தீர்ப்பது ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது.

2017-இல் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். 1950-க்கும் 2015-க்கும் இடையே மத்திய இந்தியாவில் பரவலான அதிகனமழை நிகழ்வுகள் மூன்று மடங்காகிவிட்டன என்றார்கள். அரபிக்கடல் அடிக்கடி திடீரென்று ஈரத்தை வாரி வழங்குவதையும் காட்டினார்கள். 2020-இல் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீட்டில் இரண்டு எண்கள் வருகின்றன. 1951 முதல் 2015 வரை நாட்டின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்தது; கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறைவு அதிகம். ஏறக்குறைய அதே காலத்தில் மத்திய இந்தியாவில் நாளுக்கு 15 செ.மீ.க்கு மேல் பெய்யும் நிகழ்வுகள் சுமார் 75 சதவீதம் கூடின. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே தலைமுறைக்குள்.

75 எங்கே, 7 எங்கே என்று கேட்கலாம். ஒன்று எத்தனை முறை என்ற கணக்கு, மற்றது எவ்வளவு என்ற கணக்கு. எல்லாப் பெருமழைகளும் கொஞ்சம் கொஞ்சம் கனத்தாலே போதும், 15 செ.மீ. கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்ற நிறைய மழைகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அதனால் எண்ணிக்கை வேகமாக ஏறும். அதோடு காற்றோட்டமும் மாறியிருக்கிறது. நீராவி எவ்வளவு இருக்கும் என்பதை 7 சொல்லும். அதை எந்த மாவட்டத்தின் தலையில் இறக்குவது என்று முடிவு செய்வது காற்று. அதைப் பற்றி கிளாபிரானின் சமன்பாட்டில் ஒரு சொல்கூட இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வடகிழக்குப் பருவமழை 2015-இல் சென்னையை மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே மாநிலத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது, தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் சராசரி மழையைவிட அது அதிகம். இந்த ஏற்ற இறக்கத்தை 7 என்ற ஓர் எண்ணால் விளக்கிவிட முடியாது.

ஆகவே ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊருக்கு மழைநீர் வடிகாலோ பாலமோ ஏரி மதகோ புதிதாக வரும்போது பொறியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டு வரையிலான மழைப் பதிவை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்? அது நாள் கணக்கா, மணிக் கணக்கா? காலை எட்டரை மணிக்கு ஒருமுறை அளந்த எண்ணை வைத்து நகரத்து வடிகால் கட்ட முடியாது. தெரு மூழ்குவது ஒரு மணி நேர மழையில். டி பில்ட்டில் 14 தெரிந்ததற்குக் காரணம், அங்கே மணிக்கு மணி எழுதி வைத்திருந்தார்கள். பழைய அளவோடு 7 சதவீதம் சேர்த்துப் போட்டிருக்கிறோம் என்று பதில் வந்தால், அதை ஏற்க வேண்டாம்.